லிஃப்ட்காரன் வீட்டுக் குளிர்

எங்கள் வீட்டுக் குளிரைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், அது என் பிறவிக் குணம். ஆனால் டம்ளரில் ஊற்றிய டீ உதட்டுக்கு வருவதற்குள் ஆறிப்போகும் என்பது சத்தியம். காற்று பூட்டின கதவு வழியாக உள்ளே வந்து, காலண்டரைப் புரட்டி, மூன்று மாதம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, போன வழியே திரும்பும். அதுவும் சத்தியம்தான், முக்கால்வாசி.

இதற்குக் காரணம் யார் என்று கேட்டால் வீட்டிலுள்ள எல்லா விரலும் என் பக்கம் நீளும். எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டினவன் நான். நாலடிக்கு நாலடிப் பெட்டி. ஒரு முக்காலி, ஒரு பித்தளைப் பிடி, இரண்டு கதவு. மூச்சு விட்டால் எதிரில் நிற்பவர் கண்ணாடி மங்கும். ஓய்வு பெற்ற மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு, "தாங்குற சுவரை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை இடிங்க"ன்னு சொல்லிவிட்டேன். மூன்று அறையும் சமையலறையும் ஒன்றாகி, கீழ்வீடு முழுக்க ஒரே கூடம் ஆனது. கட்டிலில் படுத்தபடியே அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கலாம். பார்க்கலாமே தவிர, ஓடிப்போய் அணைக்க முடியாது. அவ்வளவு தூரம்.

"கோடையில உங்களுக்கு மைதானம், குளிர்ல எனக்கு மயானம்" என்று அன்றைக்கே சொன்னாள் என் மனைவி. நான் கேட்கவில்லை.

வினை மாப்பிள்ளை ரூபத்தில் வந்தது. மாப்பிள்ளை குளிர்பெட்டி மெக்கானிக். எதையும் தொட்டுப் பார்த்து டிகிரி சொல்லுவார் என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் 'டிகிரி'. என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபத்துமூன்று நாள். தாயும் பிள்ளையும் ஒரு மாசம் எங்களோடு இருப்பதாகப் பேச்சு. அதற்காக என் மனைவி குட்டிக் குட்டியாக ஏழு கம்பளித் தொப்பி பின்னி வைத்திருந்தாள், கிழமைக்கு ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்வையிட வந்த டிகிரி, கூடத்தின் நடுவில் நின்று பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தார்.

"மாமா, பதினாலு."

"பரவாயில்லையே! நான் பன்னிரண்டுன்னு நினைச்சேன்."

"விளையாடாதீங்க மாமா. நான் ரிப்பேர் பண்ற பெட்டியில இதைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இங்க தக்காளி வைக்கலாம். குழந்தையை வைக்க முடியாது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எத்தனை வேணும், சொல்லுங்க."

"தொட்டில் நிக்கிற இடத்துல இருபத்தொண்ணு. அடுத்த ஞாயிறு காலையில பத்து மணிக்குப் பார்ப்பேன். இல்லேன்னா வருத்தப்படாதீங்க, எங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். சின்ன வீடு, தீப்பெட்டி மாதிரி கதகதன்னு இருக்கும்."

தெர்மாமீட்டரைச் சுவரில், அதாவது மிச்சமிருந்த சுவரில், மாட்டிவிட்டுப் போனார். என் மனைவி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். ஏழு தொப்பியையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, டப்பாவில் போட்டு மூடினாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த டப்பா மூடின சத்தத்தைத் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை போர் தொடங்கியது. முதலில் கதவடி. என் பழைய சீருடைக் கால்சட்டைகளைத் தொடையோடு வெட்டி, மணலை நிரப்பி, இரண்டு முனையையும் தைத்துக் கதவுகளின் அடியில் கிடத்தினேன். பார்க்கிறவர்களுக்கு யாரோ ஒருவர் கதவுக்கடியில் நசுங்கிக் கிடப்பது போல இருக்கும். தபால்காரர் பாதிக் கதவைத் திறந்ததும் ஒரு தடவை அலறினார். ஆனால் தெர்மாமீட்டர் பதினைந்து காட்டியது! நான் துள்ளிக் குதித்தேன்.

செவ்வாய்க்கிழமை ஜன்னல்கள். செய்தித்தாளைத் திரித்துச் சந்துகளில் திணித்து, மேலே பசைக் காகிதம் ஒட்டினேன். ஏழு ஜன்னலுக்குப் பதினோரு வருஷத்து உலகச் செய்தி போதவில்லை. புதன்கிழமை கண்ணாடிகளுக்குப் பிளாஸ்டிக் உறை. வியாழக்கிழமை தரை முழுக்கப் பாய், பாய்க்கு மேல் ஜமக்காளம், ஜமக்காளத்துக்கு மேல் நான். பதினாறு... பதினேழு!

பதினேழோடு நின்றுவிட்டது. ஹீட்டரைத் தூக்கி அங்கே வைத்தேன், இங்கே வைத்தேன், கெஞ்சினேன். ஒரு புள்ளி நகரவில்லை.

இதற்கு நடுவே என் மனைவியின் போக்கு எனக்கு விளங்கவில்லை. எங்கள் கூடத்தின் மூலையிலிருந்து பதினாறு படி ஏறினால், கூரைக்கடியில் பாதி வீட்டு அகலத்துக்கு ஒரு மேல்தளம் உண்டு. தட்டுமுட்டுச் சாமான் போடுகிற இடம். சாப்பிட்டு முடித்ததும், "மேல துணி அடுக்கணும்" என்று படியேறிவிடுவாள். சாயங்காலம் இறங்கி வரும்போது மூக்குநுனி மினுமினுக்கும். முகத்தில் ஒரு திருப்தி வேறு.

"அப்படி என்ன துணி? நம்மகிட்ட இருக்கிறதே நாலு போர்வை."

"நாலையும் நல்லா அடுக்க வேண்டாமா?"

நான் போய்ப் பார்க்கவில்லை. ஏன் என்றால் நான் படி ஏறுவதில்லை. முழங்கால் எல்லாம் கல்லு மாதிரி இருக்கிறது, அதற்கில்லை. கொள்கை. முப்பத்தெட்டு வருஷம் மாடிப்படி எனக்குத் தொழில் எதிரி. ஒருவன் படியேறினால் எனக்கு ஒரு ஆள் குறைவு. எதிரியின் முதுகில் நான் ஏன் ஏற வேண்டும்? இந்த வீட்டில் பதினோரு வருஷத்தில் மேலே போனது இரண்டே தடவை. அதில் ஒன்று தூக்கக் கலக்கத்தில்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு யோசனை உதித்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் மூடப்போன ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்து கனத்த சிவப்புத் திரை ஒன்று வாங்கி வைத்திருந்தார். குளிர் மேல்தளத்திலிருந்துதான் இறங்குகிறது போல என்று, அதைக் கேட்டு வாங்கி, மாடிப்படி வாயில் தொங்கவிட முடிவு செய்தேன். கம்பி இருக்கிறது, ஆணி இருக்கிறது, திரை இருக்கிறது. மேசைமேல் வைத்த இருபது மர வளையம் மட்டும் காணோம்!

"வளையத்தைப் பார்த்தியா?"

"காத்து அடிச்சுட்டுப் போயிருக்கும். நம்ம வீட்டுக் காத்துதான் காலண்டரே படிக்குமே."

என் பொய்யை எனக்கே திருப்பி விற்கிறாள் பாருங்கள்.

சனிக்கிழமை மத்தியானம். இன்னும் ஒரு நாள்கூட இல்லை. தெர்மாமீட்டர் பதினேழிலேயே தியானத்தில் இருந்தது. தொப்பி டப்பாவைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் மிச்சக் கம்பளி நூல் கிடந்தது. எடுத்து முழ நீளத் துண்டுகளாக வெட்டிக் கூடம் முழுக்கத் தொங்கவிட்டேன், விளக்கில், அலமாரியில், ஆணியில். காற்று எந்தச் சந்து வழியாக வருகிறது என்று நூல் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா?

நூல்கள் ஆடின. ஆனால் என்ன ஆச்சரியம்! கதவைப் பார்த்தோ ஜன்னலைப் பார்த்தோ ஆடவில்லை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. கூட்டத்தில் எல்லாரும் ஒருவனைக் கைகாட்டுவது போல மாடிப்படியைக் காட்டின. படிவாய்க்கு மேலே கட்டியிருந்த நூல் மட்டும் பாம்பு மாதிரி தலையைத் தூக்கி மேல்நோக்கி நின்றது.

பளீரென்று உறைத்தது. நெற்றியில் நானே ஓங்கி அடித்துக்கொண்டேன். குளிர்நாளில் எங்கள் லிஃப்ட் கிணறு சீழ்க்கை அடிக்கும். தரைத்தளத்து வாட்ச்மேன் இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்குவார். எட்டாம் மாடி குமாஸ்தாக்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு விசிறிக்கொள்வார்கள். சூடு என்பது மேலே போகிற பயணி. முப்பத்தெட்டு வருஷம் தினமும் அதையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனவன் நான்! என் வீட்டிலேயே அது டிக்கெட் இல்லாமல் படியேறிப் போயிருக்கிறது.

கொள்கையைக் காற்றில் விட்டுவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவினேன். நாலாம் படியில் காது சூடானது. எட்டாம் படியில் மப்ளரை அவிழ்த்தேன். பன்னிரண்டாம் படியில் ஸ்வெட்டர். பதினாறாம் படியில் தலையை நீட்டினால்...

சாய்வு நாற்காலியில், மெல்லிய பருத்திப் புடவையில், கால்மேல் கால் போட்டு என் மனைவி வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். மடியில் இருபது மர வளையம். பக்கத்தில் கால் பூட்டி, துணி விரித்து, தயாராகத் தொட்டில். தொட்டில் கம்பியில் இன்னொரு தெர்மாமீட்டர். இருபத்துமூன்று!

"வாங்க" என்றாள், ஏதோ மூன்றாம் மனிதரை வரவேற்கிற மாதிரி. "ஆறு நாளாச்சு, பதினாறு படி ஏற."

"அடிப்பாவி! இந்த தெர்மாமீட்டர் ஏது?"

"பொண்ணு கொடுத்தனுப்பினா. அன்னைக்கு ராத்திரியே அவர் பையிலேருந்து எடுத்து வச்சு, மறுநாள் காலையில பால்காரர் கையில கொடுத்துவிட்டா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"குளிர்ல ஒரு பொம்பளைக்கு வெதுவெதுப்பு எங்க இருக்குன்னு தெரியாதா? திங்கட்கிழமை மேல வந்தேன், பதினெட்டு இருந்துச்சு. நீங்க கதவை அடைச்சீங்க, இருபதாச்சு. ஜன்னலை அடைச்சீங்க, இருபத்தொண்ணு. பாய் போட்டீங்க, இருபத்திரண்டு."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா செவ்வாய்க்கிழமையே 'அப்ப சரி'ன்னு கையைக் கட்டிட்டு உக்காந்திருப்பீங்க. மிச்சச் சந்தை யாரு அடைக்கிறது?"

"வளையம்?"

"படிவாய்ல திரை போட்டா என் சூடு என்னாகும்? யாராவது வர்ற விருந்தாளியை வாசல்லயே மறிப்பாங்களா?"

அவள் கையிலிருந்த கடலையைப் பிடுங்கித் தின்றேன். ஆனால் ஒன்று கவனித்தேன். பேச்சுக்கு நடுவே கீழே பால்காரர் கதவைத் திறந்து பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான், இங்கே இருபத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. நாளைக்கு மகள், குழந்தை, டிகிரி, அவர்கள் பைகள்... கதவு எத்தனை நேரம் திறந்திருக்கும்?

"திரையை எங்க போடணும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றேன். "வளையத்தைக் கொடு!"

லிஃப்டுக்கு எதற்கு இரண்டு கதவு? வெளிக்கதவு மூடாமல் பெட்டி நகராது, அதற்குத்தான். என் வாசலில் வெளிக்கதவு மூடாமல் திரை திறக்காது, குளிர் உள்ளே வராது. வாசல் கதவிலிருந்து நாலடி உள்ளே தள்ளிக் கம்பி அடித்து, இரண்டு பக்கமும் அலமாரியை நிறுத்தி, சிவப்புத் திரையைத் தொங்கவிட்டேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், நாலடிக்கு நாலடி.

என் மனைவி சிரித்த சிரிப்பில் படி அதிர்ந்தது. "வீட்டையே இடிச்சீங்க. கடைசியில உங்க பெட்டியை நீங்களே கட்டிட்டீங்க!"

ஞாயிற்றுக்கிழமை பார்த்து வாடைக்காற்று வெறி பிடித்தாற்போல வீசியது. ஒன்பதரைக்கு மேலே இருபதரைதான். பத்துக்கு அழைப்பு மணி. பெட்டிக்குள் பாய்ந்து கதவைத் திறந்தேன். மகள், அவள் மார்பில் துணிமூட்டையாகக் குழந்தை, பின்னால் மூன்று பையோடு டிகிரி.

"ஏறுங்க, ஏறுங்க, ஒட்டி நில்லுங்க!"

"அப்பா, இது என்ன?"

டிகிரி ஒரு காலை வெளியே வைத்தபடியே திரையை விலக்கக் கையை நீட்டினார். என் வாய் தானாகவே கத்தியது, "வெளிக்கதவு மூடாம பெட்டி நகராது! காலை உள்ள எடுங்க சார்!"

'சார்' என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டதில் அவரே பயந்துபோய்க் காலை எடுத்தார். கதவை அறைந்து சாத்தினேன். பிறகு திரை. சுவரிலிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்து டிகிரி உதட்டைப் பிதுக்கினார்.

"பதினாறரை, மாமா."

"இது தரைத்தளம். தொட்டில் மேல. வாங்க, மேலே போறவங்க எல்லாம் வாங்க!"

மகள் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். டிகிரி அதன் பக்கத்தில் தன் தெர்மாமீட்டரை வைத்தார். "பத்து நிமிஷம்" என்றார், தேர்வு மேற்பார்வையாளர் மாதிரி. இருபது புள்ளி நாலு. இருபது புள்ளி ஐந்து. அங்கேயே நின்றது. என் மனைவி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மகள் டிகிரியைப் பார்க்கிறாள், அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பெட்டி ஞாபகம் வந்தது எனக்கு. எப்பேர்ப்பட்ட குளிரிலும் எட்டு ஆள் ஏறிவிட்டால் மூன்றாம் மாடிக்குள் வேர்க்கும்!

"யாரும் தள்ளி நிக்காதீங்க. தொட்டிலைச் சுத்தி நெருங்கி வாங்க. இன்னும். மாப்பிள்ளை, வயித்தை எக்காதீங்க, சூடு உள்ளயே தங்கிடும். மூச்சை நல்லா விடுங்க!"

"மாமா, இது போங்கு..."

"வீட்டுல ஆள் இருக்கிறது போங்கா? குழந்தை தனியாவா இருக்கப்போகுது?"

அவர் ஒரு அடி நெருங்கி வந்தார். நாலு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்று, தொட்டிலுக்குள் குனிந்து மூச்சுவிட்டோம். புள்ளி ஏழு. புள்ளி ஒன்பது. குழந்தை கண்ணைத் திறந்து, நாலு பெரிய மூக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கொட்டாவி விட்டது. இருபத்தொன்று! இருபத்தொன்று புள்ளி ஒன்று!

"அவ விட்ட மூச்சுதான்!" என்று கத்தினேன். "பேத்தி தன் இடத்தைத் தானே சூடு பண்ணிக்கிட்டா!"

டிகிரி சிரித்துவிட்டார். தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பையெல்லாம் மேல கொண்டு வரேன் அத்தை" என்றார். என் மனைவி விறுவிறுவென்று இறங்கிப் போய் அந்த டப்பாவோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்துப் பேத்தி தலையில் வைத்தாள். ஐந்து நிமிஷத்தில் அந்தச் சின்ன நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. தொப்பியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

"மாமா" என்றார் டிகிரி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எட்டாம் மாடி குமாஸ்தா மாதிரி. "இருபத்துநாலு ஆயிடுச்சு. ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா?"

நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அது முடியாது மாப்பிள்ளை" என்றாள் அவள். "எல்லாத்தையும் உங்க மாமா ஒட்டிட்டார்."