பதினொன்றே முக்காலுக்கு அழுகை

எங்கள் வீட்டில் அழுகைக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். பதினொன்றே முக்கால். பத்து மணிக்கு வேன் வரும், எட்டுப் பேர் இறங்குவார்கள். முதலில் மாவு பிசைய வேண்டும், பிறகு காய் நறுக்க வேண்டும். அது முடிந்ததும் கூடத்துச் சுவரில் இருக்கும் என் தங்கையின் படத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்து, அவள் செத்த கதையைச் சொல்லி அழ வேண்டும். பிறகு சாப்பாடு. இரண்டரைக்கு வேன் திரும்பி வந்து ஏற்றிக்கொண்டு போகும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டவணையில் என் அழுகைக்கு 'நினைவுப் பகிர்வு' என்று எழுதியிருக்கிறது. பேர் வைப்பதில் மட்டும் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

'ஒரு குடும்பத்தோடு ஒரு நாள்.' அந்தச் சுற்றுலாக் கம்பெனி விற்கும் சரக்கு நாங்கள்தான். கோட்டையும் கடற்கரையும் பார்த்துச் சலித்தவர்கள் எங்களைப் பார்க்க வருகிறார்கள். கம்பெனியிலிருந்து வாரம் ஒருமுறை வரும் மேற்பார்வையாளனுக்கு நான் வைத்த பேர் நட்சத்திரக்காரன். வாயைத் திறந்தால் விருந்தாளிகளிடமிருந்து இணையத்தில் எத்தனை நட்சத்திரம் விழுந்தது என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. "இப்பல்லாம் யாரு பொருள் வாங்குறாங்கக்கா? அனுபவம்தான் வாங்குறாங்க" என்பான். என்னை அக்கா என்று கூப்பிட்டவள் ஒருத்திதான். அவள் போன பிறகு இவன் கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவர் வேலை பார்த்த ஆலையை மூடியபோது இந்தக் கம்பெனிதான் எங்களுக்குச் சோறு போட்டது. அதை நான் மறுக்கவில்லை. அதற்காக டிவியைப் படுக்கையறையில் ஒளித்துவைத்தோம். பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிவிட்டு இரும்பு வாளி வாங்கினோம். உண்மையான குடும்பத்தில் பிளாஸ்டிக் வாளி இருக்காதாம். எங்கள் வீட்டில் எது உண்மை என்பதை எங்களுக்கே வந்து சொல்லிக்கொடுத்தார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால், விருந்தாளிகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தங்கை மகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "பெரியம்மா, அம்மாவுக்கு ரொம்ப முடியல. உன்னையே கேக்குறா. உடனே வா."

"கிளம்பிட்டேன்டி" என்றேன். சொல்லிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரப் பயணம். அப்போதே ஏறியிருந்தால் உயிரோடு பார்த்திருப்பேன்.

என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்தவங்கள நடுவுல விட்டுட்டுப் போனா கம்பெனிப் பட்டியல்லேர்ந்து நம்ம வீட்டத் தூக்கிருவான். ரெண்டரைக்கு வேன் வந்துரும். அதுவரைக்கும் பல்லக் கடிச்சிக்கோ. அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாது." நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். முகம் கழுவினேன். பரிமாறினேன். அவர் சொல்லி மட்டும் நடந்ததல்ல. பட்டியல் போய்விடுமே என்ற பயம் எனக்கும்தான் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது என் தங்கையை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். மூன்று மணிக்கே போய்விட்டாளாம். அவள் மகள் என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். "வழியில பஸ் நின்னுபோச்சுடி" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொய்யின் மேல்தான் நான் அவளுக்குப் பெரியம்மாவாக இருந்துகொண்டிருந்தேன்.

நான் எதற்கு அழுதேன் என்று அன்றைய மொழிபெயர்ப்பாளர் சொல்லக் கேட்டு, அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். என் அழுகையைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்று நட்சத்திரக்காரன் ஓடி வந்தான். "தினமும் ஒரு பத்து நிமிஷம்க்கா. எப்படியும் நெனச்சு அழத்தானே போறீங்க?" எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வந்து நிற்கிறான். அடித்துத் துரத்த வேண்டாமா? என் கணவர் அவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். கதையிலும் கை வைத்தான். நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேனாம், தங்கை என் மடியில் உயிரை விட்டாளாம். அப்படிச் சொன்னால்தான் எடுபடுமாம்.

தாயில்லாமல் நின்ற தங்கை மகளை எங்களோடு அழைத்துக்கொண்டேன். விருந்தாளிகளின் மொழியைக் கல்லூரியில் படித்தவள். அவளையே மொழிபெயர்ப்பாளராகப் போட்டுக்கொண்டது கம்பெனி. நான் சொல்லச் சொல்ல, பெற்ற தாயின் சாவை அவள் அந்நிய மொழியில் எட்டுப் பேருக்கு எடுத்துச் சொன்னாள். முதல் நாள் 'மடியில்' என்ற இடம் வந்ததும் என்னைப் பார்த்தாள். வேன் போன பிறகு அவளே வந்து என் தோளைத் தொட்டு, "நீ வந்திருந்தா அப்படித்தான் இருந்திருக்கும் பெரியம்மா. பஸ் நின்னதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்றாள்.

போன வாரம் வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். நான் அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் தன் போனை நீட்டித் தங்கை மகளிடம் ஏதோ கேட்டாள். எனக்கு அந்த மொழியில் ஒரு எழுத்தும் தெரியாது. போனில் இருந்த படம் மட்டும் தெரிந்தது. சிரித்த முகத்தோடு நான் இனிப்புத் தட்டை நீட்டிக்கொண்டிருக்கிறேன். என் தலைக்கு மேல் சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஆகப் பத்து நிமிடம்.

தங்கை மகள் போனைக் கையில் வாங்கினாள். நிதானமாகப் படித்தாள். விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரைக்கும் படித்தாள்.

"தங்கச்சி சாகக் கிடக்கா, அப்பவும் முகத்தக் கழுவிட்டு எங்களுக்கு இனிப்பு வெச்சாங்க, வேன் திரும்புற வரைக்கும் வாசல்ல நின்னு கையாட்டுனாங்கன்னு எட்டு மாசத்துக்கு முன்னாடி வந்தவங்க எழுதியிருக்காங்க" என்றாள். அவள் குரல் ஏறவில்லை. "மடியில உயிர் போச்சுன்னா இங்க எப்படி இருந்தீங்கன்னு இந்த அம்மா கேக்குறாங்க. தேதி அம்மா போன அன்னைக்குத் தேதிதான் பெரியம்மா. பஸ் நின்னுபோச்சுன்னியே?"

என் கணவர் பல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "தேதி தப்பா இருக்கும்மா. அவங்களுக்கு ஏதாவது நல்லதா சொல்லி அனுப்பு."

எனக்குள் எட்டு மாதமாகக் கொதித்தது அப்போதுதான் பொங்கியது. "பஸ் நிக்கலடி. பஸ் நல்லாத்தான் ஓடுச்சு. நான்தான் ஏறல. இதுங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன். உங்கம்மாவ விட இதுங்க போடுற நட்சத்திரம் பெருசாப் போச்சு எனக்கு!"

ஏதோ நடக்கிறது என்பது மட்டும் எட்டுப் பேருக்கும் புரிந்தது. கண்களில் அப்படி ஒரு பளபளப்பு. ஒருவர் போனை உயர்த்திப் படம் பிடிக்க ஆரம்பித்தார். கண்ணாடிப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் தளும்பியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"எந்திரிங்க! எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த ஒரே மொழியில்தான் கத்த முடிந்தது. யாரும் அசையவில்லை. நான் என்ன சொல்கிறேன் என்று தங்கை மகளின் வாயைப் பார்த்தார்கள். அவள் அதையும் மொழிபெயர்த்தாள். படம் பிடித்தவரின் போனைத் தட்டிவிட்டேன். ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினேன். கையில் மாவும் இடுப்பில் சமையல் ஏப்ரனுமாக எட்டுப் பேரும் தெருவில் போய் நின்றார்கள். என் கணவர், "வேன் வர இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்குடி, பொழப்புல மண்ணப் போடாத" என்று கெஞ்சிக்கொண்டே அவர்கள் பின்னால் ஓடினார். அவரையும் வெளியே வைத்துக் கதவைத் தாழிட்டேன்.

கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் இன்னும் சுவரோரம், மொழிபெயர்க்க நிற்கும் அதே இடத்தில் நின்றாள். "திட்டுடி. ரெண்டு அறை வேணும்னாலும் அறைஞ்சிரு" என்றேன்.

அவள் திட்டவில்லை.

"கிளம்பிட்டேன்னு நீ சொன்னத அம்மாகிட்ட சொன்னேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ, அக்கா எங்க வந்துட்டா, எங்க வந்துட்டான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நானும் மனசுல கணக்குப் போட்டுச் சொல்லிக்கிட்டே வந்தேன். பாலம் தாண்டிட்டா. ரயில்வே கேட் தாண்டிட்டா. ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கிட்டா, இதோ படியேறி வர்றான்னேன். அதுக்கப்புறம் அம்மா கேக்கவே இல்ல. கதவையே பாத்துக்கிட்டு இருந்தா."

வெளியே என் கணவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உயிர் போயும் கண்ணு கதவுலயே இருந்துச்சு பெரியம்மா. நான்தான் மூடிவிட்டேன்."