நாலரை

பாட்டு வட்டாரத்தில் அவருக்கு 'இதோ' என்று பெயர். எங்கே இருந்தாலும், எவ்வளவு தாமதமானாலும், போனில் அவர் சொல்வது ஒன்றுதான்: "இதோ வந்துட்டேன்." குளியலறையில் சோப்புத் தலையோடு நின்றுகொண்டே அதைச் சொல்லக்கூடிய ஆசாமி. வயலினை எடுத்துவிட்டால் கல்லும் கரையும், அதில் சந்தேகமே இல்லை. எடுக்க ஆள் வந்து சேர வேண்டுமே, அதுதான் பெரும்பாடு.

அன்றைக்கு ஒரு நாளாவது நேரத்துக்குப் போய்விட வேண்டும் என்று காலையிலேயே சபதம் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார். தங்கச்சி தேவாலயத்தில் பாடுகிறாள். மறுநாள் அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. "பேச்சு திரும்பிடும், பாட்டுக்கு நான் உத்தரவாதம் தரமுடியாது" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் பாடப்போவது அண்ணனும் தங்கையும் சின்ன வயதில் சேர்ந்து கட்டிய பாட்டு. சொல் அவளுடையது, மெட்டு இவருடையது. முதல் சரணத்துக்கும் இரண்டாவது சரணத்துக்கும் நடுவே வயலின் மட்டும் தனியாக வரும் ஓர் இடம் உண்டு. அதை வீட்டில் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறார், சபையில் ஒரு தடவைகூட இல்லை. வருஷா வருஷம் அவள் கூப்பிடுவாள், இவர் "இதோ" என்பார், வேறொரு கச்சேரி குறுக்கே வந்து நிற்கும். அவள் கல்யாணத்துக்கே போட்டோ எடுக்கும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார் என்றால் மற்றதைச் சொல்லவா வேண்டும்?

முந்தின நாள் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. தொண்டையை அலட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் பேச்சைச் சிக்கனமாகத்தான் செலவழிக்கிறாள். "அண்ணா, நாலரை. மறந்துடாதே." அவ்வளவுதான்.

கேட்டதும் இவர் அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். பாட்டுக்காரர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். கட்டை ஏற ஏறக் குரல் மேலே போகும். 'கட்டை' என்ற சொல்லைக்கூட விட்டுவிட்டு, "உங்களுக்கு எத்தனை?", "எனக்கு அஞ்சு" என்று காய்கறி விலை போலப் பேசிக்கொள்வார்கள். தங்கச்சி பாடுவது அஞ்சரை. மற்றவர்களுக்கு மூச்சு முட்டும் உயரத்தில் அவள் சிரித்துக்கொண்டே உலாவுவாள். அவளா நாலரைக்கு இறங்கிவிட்டாள்? 'பாவி மகளே, குரல் அவ்வளவு போய்விட்டதா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே' என்று தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பதில் தட்டினார்: "சரிம்மா, நாலரையே. நீ கவலைப்படாதே."

காலையில் ஒரு சோப்பு விளம்பரத்துக்கு ஒலிப்பதிவு. ரெண்டு நிமிஷ வேலை என்று கூப்பிட்டார்கள். போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து "சூப்பர் சார், இன்னொரு தடவை" என்பார், மறுபடியும் "சூப்பர் சார், இன்னொரு தடவை" என்பார். "சூப்பர்னா அப்புறம் எதுக்குய்யா இன்னொரு தடவை?" என்று இதோ கத்தினார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும், டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பெட்டியோடு கம்பி நீட்டிவிட்டார்.

நேரே தேவாலயத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லையே! அஞ்சரைக்கு மாட்டிய கம்பியை நாலரைக்கு இறக்கினால் நாதம் தொளதொளவென்று கிடக்கும். தங்கச்சியின் கடைசிப் பாட்டுக்கு அப்படியா வாசிப்பது? காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் போல வாத்தியக் கடைக்கு ஓடினார். தடித்த கம்பியாக நாலையும் மாற்றச் சொன்னார். கடைக்காரர் நிதானப் பேர்வழி. ஒவ்வொரு கம்பியாக மாட்டி, இழுத்து, காதில் வைத்துக் கேட்டார். புதுக் கம்பி சொன்ன பேச்சைக் கேட்குமா? முறுக்க முறுக்கச் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது.

"எத்தனை மணிக்கு நிகழ்ச்சி?" என்றார் கடைக்காரர்.

"ஆறு. அந்தச் சபையில எப்பவும் ஆறுதான்."

கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். மணி நாலுகூட ஆகவில்லை. "அப்புறம் ஏன் சார் இப்படிப் பறக்கறீங்க?"

"இன்னிக்கு ஒரு நாளாவது அவளுக்கு முன்னாடி போய் நிக்கணும்யா. ஆயுசுல ஒரு தடவை அவ எனக்காகக் காத்திருக்காம இருக்கட்டும்."

பேருந்து பாலத்தின் மேல் நின்றது நின்றதுதான். இறங்கி, வயலின் பெட்டியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடி, ஓர் ஆட்டோவைப் பிடித்தார். தேவாலயத்துக் கோபுரக் கடிகாரம் அஞ்சரை காட்டியது. அரைமணி முன்னாடியே வந்தாயிற்று! தலையைச் சீவிக்கொண்டார். தங்கச்சி அசந்துபோவாள் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

ஆனால் ஜனங்கள் உள்ளே போகவில்லை. வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தங்கச்சி வீட்டுக்காரர் வாசலில் துணிப்பையும் ஆஸ்பத்திரிக் கோப்புமாக நின்றிருந்தார்.

"வாங்க மச்சான்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"என்ன மாப்பிள்ளை, அதுக்குள்ள எல்லாரும் எங்க போறாங்க?"

"முடிஞ்சிருச்சு."

"என்னது? ஆறு மணிக்குத்தானே?"

"சாயங்காலமே ஆஸ்பத்திரியில வந்து சேரணும்னு சொல்லிட்டாங்க. அதனால போதகர் நேரத்தை முன்னாடி தள்ளிட்டார். நாலரைக்குன்னு உங்களுக்குச் சொல்லியிருந்தாளே? நீங்களும் 'நாலரையே, கவலைப்படாதே'ன்னு போட்டிருந்தீங்க. அதை எனக்குக் காட்டிக் காட்டிச் சந்தோஷப்பட்டா. எவ்வளவு போன் அடிச்சேன் தெரியுமா?"

இதோ சட்டைப்பையைத் துழாவினார். போனை எடுத்துப் பார்த்தார். காலையில் வாயடைத்த போன் இன்னும் ஊமையாகவே இருந்தது.

"அவ... எதுல பாடினா? எந்தச் சுருதி?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும் மச்சான்? எப்பவும் போலத்தான். உச்சத்துல போய் நின்னா. நடுவுல ஒரு இடத்துல மட்டும் பேசாம நின்னுட்டா. வார்த்தை மறந்துபோச்சோன்னு எனக்கு உசிரே போச்சு. கீபோர்டுக்காரர் எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். வேண்டாம்னு கையைக் காட்டிட்டு வாசலையே பாத்துக்கிட்டு நின்னா. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் ரெண்டாவது சரணத்தை எடுத்தா."

மறக்கவில்லை. அது இவருடைய இடம். அந்த இடத்தை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. இத்தனை வருஷமும் அவள் வைத்திருந்த இடத்தைச் சோப்புக்கும் சீப்புக்கும் விற்றுவிட்டோமே என்று அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

உள்ளே முதல் பெஞ்சில் தங்கச்சி தனியாக உட்கார்ந்திருந்தாள். பாடி முடித்ததும் வாயைத் திறக்கவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அண்ணனைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"நான் கட்டைன்னு நெனச்சுட்டேன்மா" என்றார். "நாலரைக் கட்டைன்னு. உன் குரல் இறங்கிப்போச்சுன்னு நெனச்சு கம்பியெல்லாம் மாத்திட்டு வர்றேன்."

உலகத்தில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் சாக்குப்போக்கு என்றுதான் நினைத்திருப்பார்கள். அவளுக்கு மட்டும் சட்டென்று புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் காட்டினாள்.

அந்தத் தடித்த கம்பியை அஞ்சரைக்கு ஏற்றினால் அறுந்துவிடும். நாலரையிலேயே வாசித்தார். அவரும் அவளும் மட்டும் அறிந்த அந்தச் சின்ன இடத்தை ஒரு சுரம் விடாமல் வாசித்து முடித்து, பழக்க தோஷத்தில் வில்லைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது சரணத்தை அவள் எடுக்க வேண்டிய இடம் அது.

அவளும் பழக்கத்தில் மூச்சை இழுத்தாள். உதடு திறந்தது. பிறகு ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள்.

"மச்சான், நேரமாச்சு" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

அவர் தூக்கிய வில்லை இறக்காமல், அவள் பாடட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.