லைனை கட் பண்ணாதீங்க, சார்

நீதிமன்ற அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவளுக்கு மதியம் அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"உங்க அண்ணன் வீட்டு வாசல்ல காரை நிறுத்திட்டு உள்ளயே உட்கார்ந்திருக்காரும்மா. கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டிருக்கு. யார்கிட்டயோ பேசிட்டே இருக்காரு. தட்டினா, போ போன்னு கையை ஆட்டுறாரு. ஓட்டக் கத்துக்க வந்த மருந்துக்கடைக்காரம்மா வேற ரோட்டுல நிக்கிறாங்க."

"யார்கிட்ட பேசுறாருன்னு கேட்டீங்களா?"

"கத்திக் கேட்டேன். கோர்ட்டுன்னு மட்டும் சொன்னாரு."

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. சில மாதங்களாகவே ஏதோ ஒரு கும்பல் நீதிமன்றத்தின் பெயரைச் சொல்லி ஊரெல்லாம் போன் செய்துகொண்டிருந்தது. சாட்சி சொல்ல வரவில்லை, பிடிவாரண்ட் வந்துவிட்டது, இப்போதே அபராதம் கட்டினால் கைது கிடையாது என்று மிரட்டல். பறிகொடுத்தவர்கள் நேராக அவள் மேஜைக்கு வந்து கத்துவார்கள், என்னவோ அவள்தான் அந்தக் கும்பலுக்குப் போன் வாங்கிக் கொடுத்த மாதிரி. வீட்டில் இதையெல்லாம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாள். அண்ணன் ஒரு கண்ணை டிவியிலேயே வைத்துக்கொண்டு, "இதுல போய் விழறவன் முட்டாள்" என்று முடித்துவிடுவார்.

மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடினாள். வழியில் அண்ணனுக்குப் போட்ட அழைப்பெல்லாம் பிஸி, பிஸி.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். நாளெல்லாம் மாணவர்களை அதட்டியே பழகிய குரல். அந்த மனிதர் காருக்குள் முதுகை நிமிர்த்தி, கைகட்டாத குறையாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். அவள் கண்ணாடியை உடைக்கிற மாதிரி தட்டத் தட்ட, வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தார். அவள் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

"சார், லைனை கட் பண்ணாதீங்க. கட் பண்ணா அதுவே கோர்ட் அவமதிப்பு. நேரா பேங்குக்குப் போங்க" என்றது போனில் ஒரு கனத்த குரல்.

"வெச்சுடுண்ணே. திருட்டுப் பய."

"சும்மா இரு. சீல் போட்ட ஆர்டர் அனுப்பியிருக்காரு. என் முழுப்பேரு, அட்ரஸ் எல்லாம் இருக்கு."

"அதெல்லாம் எங்கேயாவது கெடைக்கும். சீலை யாரு வேணாலும் அடிக்கலாம். சம்மன் பேப்பரா வரும். போன்ல காசு கேக்கிற கோர்ட்டு எங்கயும் கிடையாது."

"நீ இப்படித்தான் சொல்லுவேன்னு அவர் முன்னாடியே சொல்லிட்டாரு."

அவளுக்குத் தலையைக் காரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தினமும் அந்தக் கட்டடத்திலேயே கிடந்து உழல்கிறவள் சொன்னால் ஏறவில்லை, முகம் தெரியாத எவனோ சொன்னது வேதவாக்காகிவிட்டது.

அண்ணன் வண்டியைக் கிளப்பினார். கார் நகர்ந்தது. அவள் உட்கார்ந்திருந்தது கற்றுக்கொடுப்பவர் இருக்கை; அங்கே காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அவள் அதை ஓங்கி மிதித்தாள். வண்டி தூக்கிப்போட்டு நின்றது. போன் கீழே விழுந்தது. அண்ணன் குனிவதற்குள் அவள் எடுத்து அணைத்துவிட்டாள்.

"என்னடி பண்ணிட்டே! கோர்ட்ல யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களான்னு கேட்டாரு. தங்கச்சின்னு சொல்லித் தொலைச்சுட்டேன். விஷயம் வெளிய வந்தா உன் வேலையும் போயிடுமாம்."

இத்தனை நேரம் வீட்டில் யாரிடமும் விவரம் சொல்லாமல் இருந்தது அவளுக்காகவா? ஒரு நொடி மனம் இளகியது. அடுத்த நொடியே முன்னைவிடக் கோபம் வந்தது.

"என் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. உண்மையான கோர்ட்டு, போனை வெச்சா ஓடியா போயிடும்? நீயே ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேளு. அவன் குடுத்த நம்பர்ல இல்ல, கோர்ட் வெப்சைட்டுல இருக்கிற நம்பர்ல."

அவர் தன் கையாலேயே தேடி எடுத்து, அவள் போனிலிருந்து அழைத்தார். அவருடைய பெயரில் வழக்குமில்லை, வாரண்டுமில்லை என்று அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார். அண்ணன் அதை இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"வா, போலீஸ்ல புகார் குடுக்கலாம்" என்றாள்.

"காசுதான் போகலையே. எதுக்கு வெளிய சொல்லி மானத்தை வாங்கணும்?"

"உனக்குப் போகலைண்ணே. அவன் இந்நேரம் இன்னொருத்தருக்குப் போன் போட்டுட்டிருப்பான்."

அவர் முனகிக்கொண்டேதான் வந்தார். ஸ்டேஷனில் எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி, "என்னங்க நடந்தது?" என்று கேட்டதுதான் தாமதம், அண்ணன் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"எனக்கு முதல்லயே சந்தேகம்தான் சார். எவ்வளவு தூரம் போறான்னு பாப்போம்னு பேச்சுக் குடுத்துட்டே இருந்தேன்..."

அவளுக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் மிரட்டியவனின் போன் நம்பரைத் தப்பாகச் சொன்னபோது, அவர் போனைப் பார்த்து அதை மட்டும் திருத்தினாள்.