பக்கத்து சீட்டு

"உன் போனுக்கு வந்திருக்கிற நம்பரைப் படிம்மா, நேரம் ஓடுது!"

"விலையைச் சொல்லு, படிக்கிறேன்."

"நீ படி, அப்புறம் சொல்றேன்."

"அப்போ இதுல ஏதோ திருட்டுத்தனம் இருக்கு."

"இருந்தா டிக்கெட் விக்கிறவங்க பண்றதுதான், நான் பண்ணல. ம்மா, படிம்மா!"

அம்மா போனை மார்போடு அழுத்திக்கொண்டாள். ஜன்னல் திரை தைத்துப் பிழைத்தவள் அவள். அளவு தெரியாமல் துணியில் கத்தரி வைக்க மாட்டாள். மகளோ மருந்துக்கடைக் கல்லாவில் நாளெல்லாம் நிற்கிறவள். மாத்திரையைப் பொட்டலம் கட்டி முடித்த பிறகுதான் விலை சொல்வாள். முன்னாலேயே சொன்னால் பாதிப்பேர் ஓடிவிடுவார்கள்.

"ரெண்டு சீட்டு, என் ஒரு மாசச் சம்பளம். போதுமா? இப்போ படி."

"அடிப்பாவி! கச்சேரி கேக்கவா போறோம், மேடையை விலைக்கு வாங்கவா?"

"அதுல சேவைக் கட்டணமும் சேர்ந்திருக்கு."

"யாரு யாருக்கு சேவை செஞ்சா? டிக்கெட் எடுக்கிறது நாம, கண்ணைக் கெடுத்துக்கிறதும் நாம—"

"போச்சு," என்றாள் மகள்.

"என்ன போச்சு?"

"பக்கத்துப் பக்கத்துல பிடிச்சு வெச்சிருந்த ரெண்டு சீட்டும். நீ வக்கீல் மாதிரி வாதாடிக்கிட்டிருந்தே, நேரம் முடிஞ்சுபோச்சு, யாரோ தட்டிட்டுப் போயிட்டாங்க. இப்போ தனித்தனியா ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு மேடைக்கு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். விலையும் ஏறிப்போச்சு."

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் கையை உயர்த்தினார்.

"சிஸ்டர், சத்தம் போடாதீங்க. டாக்டர் வர்ற நேரம்."

அவர்தான் அம்மாவின் புருஷன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் டிரைவர். ஒரு வருஷமாக வீடு அவருக்கு ஆஸ்பத்திரி, கட்டின மனைவி நர்ஸ். குளிப்பாட்டி விட்டால், "ரொம்ப நன்றி சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் கொடுத்து வெச்சவர்" என்பார். இந்த வயதில் புருஷனிடமிருந்து நல்ல பேர் வாங்குகிறேனே என்று அவளும் சிரித்து வைப்பாள். பிறகு பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகத் தேய்ப்பாள்.

ஒரே ஒரு தடவை மட்டும் வேறு மாதிரி நடந்தது. முனையில் செருப்புக் கடை திறந்தபோது பாட்டுக்காரர்கள் நாலுபேர் நடைபாதையில் நின்று, கரகரப்புக்காரியின் பழைய பாட்டொன்றை வாசித்தார்கள். கரகரப்புக்காரி என்று அந்தப் பாடகிக்குப் பெயர் வைத்ததே டிரைவர்தான். அவர் அப்படியே நின்றார். மனைவியின் தோளில் விரலால் தாளம் தட்டினார். "சிட்டு," என்றார், "நாற்காலியை இன்னும் முன்னாடி போடட்டுமா?"

கல்யாணமான புதிதில் அவர் அவளுக்கு வைத்த பெயர் அது. பாட்டு முடிந்ததும் பெயரும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து அதே பாட்டை ரேடியோவில் போட்டாள், போனில் போட்டாள். எழுந்துபோய் அணைத்துவிட்டார். ஆள் நின்று வாசித்தால்தான் அவருக்குள் போகிறது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். கரகரப்புக்காரிக்கும் வயதாகிவிட்டது. இதுதான் கடைசிக் கச்சேரியாம்.

"தனித்தனி சீட்டுன்னா வேணாம்மா."

"எடுடி. அங்கே போய் யாரையாவது கேட்டு மாத்திக்கலாம். மனுஷங்கதானே."

அவள் கண்ட கச்சேரி அப்படி. டிக்கெட் ஜன்னலில் கையை நீட்டினால் சீட்டு. உள்ளே மடக்கு நாற்காலிகள். பிடித்த இடத்தில் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். முன்னால் இருப்பவன் மறைத்தால் "தலையைக் கொஞ்சம் கழட்டி வை அண்ணே" என்று டிரைவர் சொல்வார், அவனும் சிரித்துக்கொண்டே நகர்வான்.

இந்த அரங்கில் நாற்காலிகளைத் தரையோடு முடுக்கியிருந்தார்கள். மூன்றாவது சீட்டுக்கு வழியில்லாத மகள் பஸ் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டாள். வாசலில் டிரைவர் கையில் பச்சை வளையம் மாட்டினார்கள், மனைவி கையில் மஞ்சள்.

"மஞ்சள் அந்தப் பக்கம்மா," என்றான் காவலாளி.

"தம்பி, இவர் என் புருஷன். தனியா விட முடியாது. யாராவது மாத்திக் குடுத்தா—"

"மாத்த முடியாதும்மா. மஞ்சள் வளையத்தை மெஷின் இங்கே விடாது."

"வளையத்தை ஏன் பாக்குறே, எங்க மூஞ்சியைப் பாரு."

அவனும் பாவம், பார்த்தான். டிரைவர் பக்கம் திரும்பினான். "ஐயா, இவங்க உங்க சம்சாரமா?"

"இல்லப்பா," என்றார் டிரைவர் மரியாதையாக. "ஆஸ்பத்திரி சிஸ்டர். தங்கமானவங்க."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். பச்சை வளையம் போட்ட ஒரு பெண் டிரைவரின் சீட்டு எண்ணை எட்டிப் பார்த்தாள். "எனக்குப் பக்கத்து சீட்டுதான் பாட்டி. நான் பார்த்துக்கறேன்."

"கையை மட்டும் விட்டுடாதே கண்ணு."

அவளுடைய மஞ்சள் சீட்டு உச்சியில், கூரைக்குப் பக்கத்தில். மேடையில் கரகரப்புக்காரி கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தாள். முன்வரிசைக்காரன் தலைக்கு மேல் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதற்குள் இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். எதிர்ப்பக்கத்துப் பச்சை வரிசைகள் வெறும் இருட்டு.

அந்தப் பாட்டு வந்தது. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, ஆனாலும் அதேதான். கேமரா கூட்டத்தின் மேல் ஓடியது. சுவர் அகலத்துக்கு இருந்த திரையில் முகங்கள் வந்து வந்து போயின. பிறகு டிரைவர் வந்தார்.

ஒரு வீட்டின் உயரத்துக்கு அவர் முகம். கண் தெளிந்திருந்தது. விரல்கள் அந்தப் பெண்ணின் தோளில் தாளம் தட்டின. அவள் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். சத்தம் இங்கே வரவில்லை. உதடு விரிந்து குவிந்ததை வைத்தே என்ன சொன்னார் என்று சிட்டுவுக்குத் தெரிந்தது. அரங்கமே "ஓ!" என்று கைதட்டியது.

"இங்கே இருக்கேங்க!" என்று எழுந்து கத்தினாள்.

"உட்காருங்கம்மா, மறைக்குது," என்றான் பின்னால் இருந்தவன்.

திரையில் வேறொரு முகம் வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண் அவரைக் கைபிடித்து வாசலுக்குக் கூட்டிவந்து ஒப்படைத்தாள். "தாத்தா செம ஜாலி பாட்டி. என்னை சிட்டு சிட்டுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தார்," என்று சிரித்துவிட்டுத் தன் கூட்டத்தோடு போய்விட்டாள்.

அரங்கின் விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்தன. காவலாளி ஒரு கதவை இழுத்துச் சாத்தினான். அவள் அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்து, மணிக்கட்டிலிருந்து பச்சை வளையத்தைப் பிய்த்தாள். கையைப் பிடித்து நடக்கப் பார்த்தாள். அவர் நகரவில்லை. திரும்பித் திரும்பி வாசலையே பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர். என் சம்சாரம் இன்னும் வெளியே வரலை."