ஜெயித்தவளைக் கூப்பிட ஆளில்லை

குத்துச்சண்டைக்காரர்கள் மத்தியில் அவளுக்குப் படிக்கட்டு என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. மேலே போகிறவர்கள் எல்லாரும் அவள்மேல் ஒரு கால் வைத்துத்தான் போனார்கள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். தொழில்முறை ஆட்டங்களில் அவள் ஜெயித்ததை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம். தோற்றதை எண்ண அண்ணன் கையையும் சேர்த்து நீட்டச் சொல்ல வேண்டும். ஆனால் ஒருநாளும் விழுந்து தோற்றதில்லை. கடைசி மணி வரைக்கும் நிற்பாள், நின்று தோற்பாள்.

வேண்டுமென்றே தோற்றவளும் இல்லை. வேறு ஆள் கிடைக்காமல் அலுத்துப்போனவர்கள்தான் கடைசி நேரத்தில் அவளைக் கூப்பிடுவார்கள். எடை கூடினவளோடு நிறுத்துவார்கள். அரங்கம் முழுக்க எதிராளியின் சொந்தபந்தம் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தும். அந்தக் கத்தலில் இவள் விட்ட குத்துகள் நடுவர்கள் கண்ணில் படாது. இவளும் யாரையும் குறை சொல்லாமல் மறுநாள் காலையில் வேலைக்குப் போய்விடுவாள்.

வேலை, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த சலவைக்கூடத்தில். வெளுத்த போர்வையின் ஒரு முனையை இவளும் மறு முனையை இன்னொருத்தியும் பிடித்து, சூடேறிய பெரிய உருளைக்குள் சுருக்கமில்லாமல் விட வேண்டும். ஒரு கண் வீங்கி மூடியிருந்தாலும் இவள் பக்கம் சுருக்கம் விழாது.

அண்ணன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். ஆட்ட நாளில் ரிங்கின் மூலையில் நின்று அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதும், ரத்தம் துடைப்பதும், காதில் நாலு வார்த்தை போடுவதும் அவன்தான். தோளில் கிடக்கும் துண்டு இரண்டு வேலைக்கும் பொது.

ஒரு மத்தியானம் தரகர் அவன் கடைக்கு வந்தார். ஆட்டங்களுக்கு ஜோடி சேர்த்துவிடுகிறவர் அவர். ஷேவிங் என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தவர், சோப்பு நுரைக்குள்ளிருந்தே பேச்சை எடுத்தார்.

"பதக்கக்காரிக்கு ஒரு எட்டு ரவுண்டு வேணும்பா. உன் தங்கச்சி நிப்பாளா?"

அண்ணனின் கத்தி அவர் தாடைக்குக் கீழே அப்படியே நின்றுவிட்டது.

பதக்கக்காரியைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. சின்னப் பெண். அமெச்சூர் ஆட்டங்களில், அதாவது சம்பளத்துக்கு இல்லாமல் பதக்கத்துக்காக ஆடுகிற மூன்று ரவுண்டு ஆட்டங்களில், நூறு வெற்றியை எட்டும் நிலைக்கு வந்துவிட்டவள். கடல் தாண்டிப் போயும் ஜெயித்தவள். தொழில்முறைக்கு வந்த பிறகு ஐந்து ஆட்டம். ஐந்தையும் வந்த சூட்டிலேயே முடித்துவிட்டாள்.

"அந்த அஞ்சு பேரும் யாருன்னு கேக்கறாங்க," என்றார் தரகர். "தரவரிசை போடறவங்க எத்தனை ஜெயிச்சேன்னு பாக்கறதில்ல, யாரை ஜெயிச்சேன்னுதான் பாக்கறாங்க. அவ அடிச்ச அஞ்சும் வெறும் பொம்மைங்க. உன் தங்கச்சின்னா அது ஒரு பேரு."

"தோக்கறதுல எடுத்த பேரு."

"நின்னு தோக்கறதுல எடுத்த பேரு. அது எல்லாருக்கும் வாய்ச்சிடுமா? கத்தியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பேசு."

சாயங்காலம் அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எவ்ளோ நாள் இருக்கு?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா! கல்யாணமே பண்ணிடலாமே," என்று சிரித்துவிட்டு, சரி என்றாள்.

விஷயம் வெளியே கசிந்த வாரத்திலேயே நெட்டச்சி சலவைக்கூடத்தின் பின்வாசலில் வந்து நின்றாள். சில வருஷங்களுக்கு முன் இவளைப் பாயின்ட்டில் தோற்கடித்தவள். அதற்குப் பிறகு கிடுகிடுவென்று மேலே போய், பட்டத்துக்கு ஆடும் வரிசையில் காத்திருப்பவள். நீராவிக்கு நடுவில் அந்த உயரத்தைப் பார்த்ததும் படிக்கட்டு, "ஆஸ்பத்திரி வாசல் அந்தப் பக்கம்," என்றாள்.

"உன்னைத்தான்க்கா பாக்க வந்தேன். நீ பதக்கக்காரியை ஜெயிக்கணும்."

"என்ன, திடீர்னு பாசம் பொங்குது?"

நெட்டச்சி எதையும் மறைக்கவில்லை. "என்னைப் பட்டத்துக்கு ஆட விடமாட்டேங்கறாங்க. நான் ஜெயிச்சதுலயே கஷ்டப்பட்டு ஜெயிச்சது உன்னைத்தான். அதைச் சொன்னா, படிக்கட்டையா அடிச்சேன்னு சிரிக்கறாங்க. நீ அவளை அடிச்சிட்டேன்னு வையி, பதக்கக்காரியை அடிச்சவளையே அடிச்சவளா ஆயிடுவேன் நான்."

படிக்கட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணனைத் தவிர அவள் ஜெயிக்க வேண்டும் என்று இதுவரை யாரும் ஆசைப்பட்டதில்லை. இப்போது ஒருத்தி ஆசைப்படுகிறாள், அதுவும் தன் காரியத்துக்காக. ஆனாலும் அந்தப் பச்சையான பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் இரண்டு பேரும் ஒரு பழைய கிடங்கில் பயிற்சி எடுத்தார்கள். நெட்டச்சி அமெச்சூர் காலத்தில் பதக்கக்காரியிடம் இரண்டு முறை தோற்றவள். அந்தத் தோல்விகளை அவள் மறக்கவேயில்லை. பதக்கக்காரியைப் போலவே ஆடிக் காட்டினாள். ஒரு குத்து, உடனே பின்னால் ஒரு துள்ளல். மறுபடி ஒரு குத்து, மறுபடி துள்ளல்.

"அமெச்சூர்ல இது போதும்க்கா. சுத்தமா ஒண்ணு விட்டுட்டு எட்டாத தூரத்துக்குப் போயிடுவா. நாம துரத்திப் பிடிக்கறதுக்குள்ள மூணு ரவுண்டு முடிஞ்சிடும்."

"எட்டு ரவுண்டுல என்ன பண்ணுவா?"

நெட்டச்சி துள்ளுவதை நிறுத்தினாள். "எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது. அவளை யாரு அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போனா?"

அந்த வார்த்தை படிக்கட்டின் மனசில் ஊறப்போட்ட மாதிரி கிடந்தது. அவள் ஆடிய அமெச்சூர் ஆட்டங்கள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அப்பா படுத்த படுக்கையானதும் சம்பளம் வருகிற ஆட்டத்துக்கு அவசர அவசரமாக வந்துவிட்டாள். மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்து படித்ததை அவள் பரீட்சை எழுதும்போதே படிக்க வேண்டியிருந்தது. அது ஒரு குறையாகவே உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. ஆனால் ஆறாவது, ஏழாவது ரவுண்டில் கை இரும்பாய்க் கனக்கும், மூச்சு பாதியில் அறுந்து நிற்கும். தோற்றுத் தோற்றே அவள் அந்த இடத்தில் குடியிருந்திருக்கிறாள். எந்தப் பக்கம் நின்றால் மூச்சு வாங்கலாம், எப்போது கையைத் தொங்கவிடலாம் என்பதெல்லாம் அத்துப்படி. பதக்கக்காரி அந்த இடத்தில் கால் வைத்ததே இல்லை.

ஆட்டத்தன்று முதல் மூன்று ரவுண்டு பார்க்கப் பாவமாக இருந்தது. பதக்கக்காரி வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. படிக்கட்டின் மூக்கில் ரத்தம். மூன்றாவது ரவுண்டு முடிந்து மணி அடித்தபோது பதக்கக்காரியின் தோள் தானாகத் தளர்ந்து இறங்கியது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்ட உடம்பு. அடுத்த நொடியே அவள் சுதாரித்துக்கொண்டாள். ஆனால் படிக்கட்டு பார்த்துவிட்டாள்.

மூலையில் அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "என்னம்மா, முடியலையா?" என்றான்.

"இப்பதாண்ணே ஆரம்பிக்குது."

நாலாவதும் கைவிட்டுப் போனது. ஐந்தாவதிலிருந்து அவள் முகத்தைத் தேடுவதை விட்டுவிட்டு விலாவைத் தேடினாள். நடந்து நடந்தே எதிராளியைக் கயிற்றோரம் கொண்டுபோய் நிறுத்தினாள். பின்னால் துள்ளும் தூரம் ரவுண்டுக்கு ரவுண்டு குறைந்தது. ஏழாவதில் விலாவுக்குக் கீழே இறங்கிய ஒரு குத்தில் பதக்கக்காரி பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம். எண்ணி முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். எட்டாவதில் இரண்டு பேரும் நகராமல் நின்று அடித்துக்கொண்டார்கள். எதிராளிக்காக வந்த கூட்டமே எழுந்து நின்று பார்த்தது.

மூன்று நடுவர்களில் இரண்டு பேர் படிக்கட்டின் பக்கம். முடிவைச் சொன்னதும் அவள் பழக்கதோஷத்தில் பதக்கக்காரிக்கு வாழ்த்துச் சொல்லத் திரும்பினாள். ரெஃபரி அவள் கையைப் பிடித்து இழுத்துத் தூக்க வேண்டியதாயிற்று.

நெட்டச்சி நினைத்தபடியே நடந்தது. பட்டத்துக்கு ஆடினாள், ஜெயித்தாள், இடுப்பில் பெல்ட்டோடு தொலைக்காட்சியில் வந்தாள். தரவரிசையில் படிக்கட்டுக்கும் ஒரு இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவளுடைய போன் அடிக்கவேயில்லை.

மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்துவிட்டு அண்ணன் தரகரைப் பிடித்து உலுக்கினான். "முன்னெல்லாம் நடுராத்திரி கூடக் கூப்பிடுவீங்களே!"

"நான் என்னப்பா பண்றது? இவளை ஜெயிச்சா பெரிய பேரு கிடைக்காது, பழைய தோல்வியெல்லாம் எழுதிக் கிடக்கு. இவகிட்ட தோத்தா மானம் போயிடும். எவ வருவா? தோத்துட்டே இருந்திருந்தா வாரத்துக்கு ஒண்ணு கொண்டாந்திருப்பேன்."

நெட்டச்சியிடமும் கேட்டுப் பார்த்தார்கள். போனில் அவள் குரல் இறங்கியிருந்தது. "எங்க ஆளுங்க வேணாங்கறாங்கக்கா."

அண்ணன் குதித்தான். "நன்றிகெட்டவ! நம்மளால ஏறிட்டு..."

"விடுண்ணே. அவ அன்னைக்கும் பொய் சொல்லல, இன்னைக்கும் சொல்லல," என்றாள் படிக்கட்டு. சொல்லிவிட்டாளே தவிர, ராத்திரி படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. தோற்றுக்கொண்டிருந்தபோது ஆட்டமாவது இருந்தது. ஜெயித்து என்ன கண்டோம் என்று ஒரு நினைப்பு வரும். ஏழாவது ரவுண்டில் அந்த விலாக் குத்தை விடாமலே இருந்திருக்கலாமோ என்று கூடத் தோன்றும். உடனே, அதெப்படி விடாமல் இருக்க முடியும் என்று தன்மேலேயே கோபம் வரும்.

குத்துச்சண்டைக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை செய்து சான்று கொடுத்தால்தான் உரிமத்தைப் புதுப்பிப்பார்கள். ஆட்டமே இல்லாவிட்டாலும் விட்டுவிட மனசில்லாமல் அவள் போனாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த படம் கரைந்து ஓடுவது போலிருந்தது. பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

"அக்கா, நீங்கதானே? எனக்கும் மருந்து விட்டுட்டாங்க, சரியா தெரியல."

குரலை வைத்துத்தான் பதக்கக்காரி என்று அடையாளம் தெரிந்தது.

"ஆட்டம் ஏதாவது வந்துச்சா?" என்று படிக்கட்டு கேட்டாள்.

"இல்லக்கா. அமெச்சூர்ல நான் எவ்வளவோ தோத்திருக்கேன். அடுத்த மாசமே வேற போட்டி இருக்கும், போய் ஜெயிப்பேன், அவ்ளோதான். இங்க ஒண்ணே ஒண்ணு தோத்தேன், அதுக்குள்ள முடிஞ்சுபோச்சுன்னு எழுதிட்டாங்க. போயும் போயும் உங்ககிட்டயான்னு..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவால்ல, சொல்லு. எனக்குப் புதுசா?"

"நான் தப்பா சொல்லலக்கா. எங்கிட்ட யாரும் அப்படி நடந்து வந்ததில்ல. அன்னைக்குதான் நான் இன்னும் எதுவுமே கத்துக்கலன்னு தெரிஞ்சுது. ஆனா அதை யாருகிட்ட சொல்றது? நீங்க பெரிய ஆளுன்னு ஊரு ஒத்துக்கிட்டாதான் நான் தோத்தது நியாயம்னு ஆகும். இன்னொரு தடவ ஆடலாமா?"

"மறுபடியும் நான் ஜெயிச்சிட்டா?"

"நீங்க இன்னும் பெரிய ஆளாயிடுவீங்க. எனக்கு லாபம்தானே!"

கண் தெரியாமல் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்ட வேண்டியிருந்தது.

இந்த முறை பத்து ரவுண்டு. டிக்கெட் முழுக்க விற்றது. பதக்கக்காரி துள்ளுவதைக் குறைத்திருந்தாள், மூச்சைச் சேமித்திருந்தாள், எட்டாவது ரவுண்டிலும் தோள் இறங்கவில்லை. படிக்கட்டு நூலிழையில் தோற்றாள். அண்ணன் நடுவர்களைத் திட்டிக்கொண்டே கையுறையை அவிழ்த்தான். அவள் தடுத்தாள். "சரியாத்தாண்ணே குடுத்திருக்காங்க. பத்தாவது அவளோடது." முகம் வீங்கியிருந்தது. ஆனால் குரலில் சோர்வில்லை. உடைமாற்றும் அறைக்குப் பதக்கக்காரி வந்து, அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

பதக்கக்காரி அடுத்து நெட்டச்சியோடு ஆடி பெல்ட்டைப் பறித்தாள். பெல்ட்டைப் பறித்தவளைத் தரையில் உட்காரவைத்த ஒரே ஆள் யார் என்று எல்லாரும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். இனிமேல் படிக்கட்டிடம் தோற்றாலும் மானக்கேடில்லை, ஜெயித்தால் பெருமை என்றாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தரகர் வீட்டுக்கே வந்தார். நல்ல ஆட்டம், வேண்டிய அவகாசம் உண்டு, எடையும் சரிசமம் என்று மூச்சுவிடாமல் சொன்னார். அண்ணன் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு இதுக்கு முன்னாடி யாரு யாரு கூட ஆடியிருக்கா?"

தரகர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் அவளையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் இதைக் கேட்டதேயில்லை. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருத்தியாகச் சொல்லத் தொடங்கினார்.