கரையோரத்து இருபதடி

அந்த வட்டாரத்தில் அவளுக்குப் புல்லு மேடம் என்று பேர். மண்வள அலுவலகத்தில் களப்பணியாளர். ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நிலம் வைத்திருப்பவர்களைத் தேடிப்போய், சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், ஓடைக்கரையில் ஏர் வைக்காதீர்கள், அங்கே புல் நடுங்கள் என்று சொல்ல வேண்டும். முக்கால்வாசிப் பேர் நன்றாகத் தலையாட்டுவார்கள். அவள் வண்டி தெருமுனை தாண்டியதும் டிராக்டரைக் கரைவரைக்கும் இறக்குவார்கள்.

பெரியவர் தலையாட்டவில்லை. வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டார்.

"ஓடை நீளத்துக்கும் இருபதடி அகலம் விடணும்ங்கறீங்க. விட்டுட்டு நான் என்ன பண்ண? உக்காந்து வேடிக்கை பாக்கவா?"

எழுபத்திரண்டு வயது, மனைவி இல்லை, ஓடையை ஒட்டி ஒன்பது ஏக்கர். ஒரே மகன் பொக்லைன் வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவள் இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கேட்டாள். மருமகள் சலித்துக்கொண்டே கொண்டுவந்து வைத்தாள். வேலியோர மரத்தடியிலிருந்து ஒரு மண்கட்டி, உழுத வயலிலிருந்து ஒரு மண்கட்டி. இரண்டையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் போட்டாள். மரத்தடிக் கட்டி போட்டது போட்டபடி கிடந்தது. வயல் கட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு நிமிடத்தில் தம்ளர் முழுக்கக் கலங்கல்.

"மழை பேயறப்போ உங்க வயல்ல இதான்யா நடக்குது."

பெரியவர் தம்ளரைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நாப்பது வருஷமா நான் இதையா பண்ணிட்டிருந்தேன்?" என்று மெல்லக் கேட்டார். அடுத்த வாரமே இருபதடியை அளந்து குச்சி நட்டு, புல்லும் மரக்கன்றும் வைத்தார்.

பிறகு அவர்தான் அவளை விடவில்லை. புல் வேர் பிடித்த அன்று போன் செய்தார். முதல் மழைக்குப் பிறகு ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "பாருங்க, தெளிஞ்சு ஓடுது" என்றார். மேலதிகாரி சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருட வேலையில் அவள் பேச்சைக் கேட்டு இப்படிப் பாட்டிலோடு ஓடிவந்த ஒரே ஆள் அவர்தான்.

மூன்றாவது வருடம் ஒருநாள், கிணற்றடியில் நின்றபோது அவர் கேட்டார்: "மண்ணுக்கு உயிர் இருக்குன்னு சொல்றீங்களே, அதை எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவள் எங்கோ படித்ததைச் சொன்னாள். "பருத்தித் துணிய அரையடி ஆழத்துல புதைங்க. ரெண்டு மாசம் கழிச்சு எடுங்க. மண்ணு நல்லா இருந்தா அதுல இருக்கற பூச்சி புழுவெல்லாம் துணியத் தின்னுடும். இல்லன்னா துணி அப்படியே வரும்."

"என்ன துணி?"

"எதுவானாலும் சரி. ஜட்டியா இருந்தாலும் சரி."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் பெரியவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. வயலுக்கு ஒன்றாகத் தன்னுடைய ஜட்டிகள் ஐந்தைப் புதைத்து, ஒவ்வொன்றுக்கும் அடையாளக் குச்சி நட்டார். இரண்டு மாதம் கழித்து மேல்வயல் ஜட்டி துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் போல வந்தது. கரையோரத்தில் புதைத்ததில் எலாஸ்டிக் மட்டும்தான் மிச்சம். அந்த எலாஸ்டிக்கை விரலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். கூடத்தில் மருமகளின் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாருங்க! மொத்தத்தையும் தின்னுடுச்சு!" என்று அவர்கள் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார்.

மகனுக்கு அதுவரை ஒரு வழி கிடைக்காமல் இருந்தது. செங்கல் சூளைக்காரர் ஓடைக்கரை மண்தான் வேண்டும் என்று நின்றார். அப்பா உயிரோடு இருக்கும்வரை அதில் கைவைக்க முடியாது. அன்றைக்கு அவனுக்கு வழி கிடைத்தது. அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, நிலத்தை நிர்வகிக்கும் பொறுப்பைத் தனக்குத் தர வேண்டும் என்று மனுப் போட்டான். நல்ல நிலத்தைப் புல்லுக்கு விடுகிறார், மண்ணை வாயில் போட்டுப் பார்க்கிறார், உள்ளாடைகளைப் புதைக்கிறார் என்று வரிசையாக எழுதியிருந்தான். ஒன்றுகூடப் பொய்யில்லை.

விசாரணைக்கு அவளையும் அழைத்திருந்தார்கள். கிளம்பும் முன் மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"குடும்பச் சண்டைல நம்ம ஆபீஸ் பேரு அடிபடக் கூடாது. அந்தத் துணி சமாசாரம் நம்ம கையேட்டுல கிடையாது. உன் இஷ்டத்துக்குச் சொல்லிக்குடுத்தன்னு தெரிஞ்சா நான் ஒண்ணும் பண்ண முடியாது. இந்த மாசம் உன் ஒப்பந்தம் மேசைக்கு வருது, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. வேலையில்லாத புருஷனும் பள்ளிக்கூடம் போகும் மகளும்கூட ஞாபகத்தில் இருந்தார்கள்.

பெரியவர் வீட்டுக் கூடத்திலேயே விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி ஒருவர், டாக்டர் ஒருவர். பெரியவர் சலவைச் சட்டை போட்டு, முகம் மழித்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"இதோ மேடமே வந்தாச்சு. இனி நான் பேச வேண்டியதில்ல, அவங்களையே கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்.

அதிகாரி கேட்டார்: "கரையில புல் நடச் சொன்னது உங்க அலுவலகமா?"

"பொதுவா எல்லாருக்கும் சொல்றதுதான். விடறதும் விடாததும் அவங்கவங்க விருப்பம்."

"துணியப் புதைக்கச் சொன்னதும் நீங்கதானா?"

"எங்க கையேட்டுல அப்படி ஒரு பரிசோதனை இல்ல சார்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கையேட்ட விடுங்கம்மா. நீங்க சொன்னீங்களா?"

மருமகள் சுவரோரம் நின்றிருந்தாள். மகன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் மட்டும், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவர்போல் சிரித்த முகமாக அவளைப் பார்த்தார்.

"இல்ல சார்" என்றாள். "நான் சொல்லல."

அவள் காதில் கேள்வி சரியாக விழவில்லை என்று பெரியவருக்கு முதலில் தோன்றியது. "மேடம், அந்த ஜட்டி விஷயம். கிணத்துப் பக்கத்துல நின்னு சொன்னீங்களே, ரெண்டு பேரும் சிரிச்சோமே" என்று எடுத்துக் கொடுத்தார். அவள் தரையைப் பார்த்தாள். பெரியவர் அதிகாரியிடம் திரும்பினார். "மறந்துட்டாங்க போல சார். ஆயிரம் வேலை அவங்களுக்கு. மேடம், நல்லா யோசிச்சுப் பாருங்க." குரல் உயர்ந்தது. "சொன்னீங்களா இல்லையா? என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க!"

மகன் எழுந்து அப்பாவின் தோளை அழுத்தி உட்காரவைத்தான். "பாத்தீங்களா சார், இப்படித்தான்" என்றான் வருத்தமாக.

டாக்டர் எழுதினார். எதிரில் இருந்ததால் எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. ஆனாலும் அவளால் படிக்க முடிந்தது. 'தான் செய்தவற்றை மற்றவர்கள் செய்யச் சொன்னதாக உறுதியாக நம்புகிறார்.'

பொறுப்பு மகன் கைக்குப் போனது. அவளுடைய ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. உண்மையை எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று இரண்டு தடவை கடிதம் எழுதினாள். இரண்டையும் மகளின் நோட்டுப் புத்தகத் தாளில்தான் எழுதினாள், அலுவலகத் தாளில் இல்லை. இரண்டையும் கிழித்தாள்.

பத்து நாளில் பொக்லைன் கரையில் இறங்கியது. மூன்று வருடப் புல், இடுப்பளவு வளர்ந்த மரக்கன்றுகள், அதற்குக் கீழே எட்டடி மண், எல்லாம் லாரி லாரியாகச் சூளைக்குப் போயின. அன்று பெரியவர் பொக்லைன் வாளிக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டார். மகனே இறங்கிவந்து தூக்கிக்கொண்டு போனான். அதன் பிறகு மாத்திரை கூடியது. பின்னறைக் கதவுக்கு வெளிப்புறம் தாழ்ப்பாள் வந்தது.

அந்த வருட மழை வழக்கமான மழைதான். ஆனால் தடுக்கக் கரை இல்லை. ஓடை திசைமாறி வயலுக்குள் புகுந்து முக்கால் ஏக்கரைக் கிணற்றோடு சேர்த்துக் கொண்டுபோனது. மகன் அலுவலகத்துக்கு வந்து முறையாக விண்ணப்பம் கொடுத்தான். கரையைக் காப்பாற்ற யோசனையும் நடுவதற்கு இலவசப் புல்கரணையும் வேண்டும் என்று கேட்டிருந்தான். மேலதிகாரி அவளைத்தான் அனுப்பினார்.

"வாங்க மேடம்" என்று மகன் நாற்காலி போட்டான். "அன்னிக்கு நீங்க மட்டும் வேற மாதிரி பேசியிருந்தா எங்க குடும்பமே நடுத்தெருவுக்கு வந்திருக்கும். உங்கள மறக்க மாட்டோம்."

மருமகள் டீ கொண்டுவந்தாள். இந்தத் தடவை சலித்துக்கொள்ளவில்லை.

அவள் டீயைக் குடித்து முடித்தாள். "ஐயாவைப் பாக்கலாமா?"

"தூங்கறார் மேடம். மாத்திரை போட்டா நாள் பூராவும் தூக்கந்தான்" என்றாள் மருமகள்.

அவள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாமல் இருக்க முடிந்ததில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்துக் கூசினாள்.

வயலுக்கு இறங்கினார்கள். உடைந்த விளிம்பிலிருந்து இருபதடி உள்ளே தள்ளிக் கயிறு பிடிக்கச் சொன்னாள். இரண்டு கூலியாட்கள் கயிற்றின் இரு முனையிலும் நின்றார்கள்.  கேட்ட இருபதடியையும் மகன் மறுபேச்சில்லாமல் கொடுத்தான்.

அப்போது பின்னறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. மாத்திரையில் நாக்குத் தடித்திருந்தாலும் சத்தம் வயல்வரை எட்டியது.

"டேய்! அந்தம்மா சொல்றத நம்பாதீங்கடா! இன்னிக்குச் சொல்லும், நாளைக்குச் சொல்லவே இல்லன்னுடும்! எழுதி வாங்குங்கடா! கையெழுத்துப் போட்டு வாங்குங்க!"

கூலியாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் களுக்கென்று சிரித்தான். மகனும் லேசாகச் சிரித்து, "மனசுல வெச்சுக்காதீங்க மேடம்" என்றான். மருமகள் வேகமாக நடந்துபோய் ஜன்னலை வெளியிலிருந்து சாத்தினாள். உள்ளேயிருந்து பலகையில் தட்டும் சத்தம் கொஞ்சநேரம் கேட்டது.

"கயிறு தொய்யுது பாருங்க" என்றாள் புல்லு மேடம், கூலியாட்களிடம். "நல்லா இழுத்துப் பிடிங்க."