முதல் கூழ்க்குடமும் இரண்டு பயில்வான்களும்

உங்களை அடிக்க யாருமே வராதபோது நீங்கள் காவலுக்கு ஆள் வைத்ததுண்டா? ஜீவனஹள்ளியில் பெருமாள்சாமி வைத்தார்.

அவர் தெருவுக்குப் பெரியதனம். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முதல் குடம் அவர் வீட்டிலிருந்துதான் போகும். அவருடைய அதிகாரம் மொத்தமும் அந்தக் குடத்துக்குள்தான் இருந்தது. மற்றபடி கட்டிய பெண்டாட்டி லட்சுமம்மாகூட அவர் சொல்லைக் கேட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் பாஞ்சாலி முளைத்தாள். பேக்டரி கேட்டில் கூடையில் இட்லி விற்றவள், இரண்டே வருஷத்தில் ஓடு போட்ட கடை வைத்து, நாலு பெண்களை வேலைக்குச் சேர்த்து, ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவுக்கு ஓர் அண்டாவும் வாங்கினாள். அது தெருவில் உருண்டு வந்ததைப் பார்த்ததும் பெருமாள்சாமி திண்ணையை விட்டு எழுந்துவிட்டார். சாம்பாருக்கு எதற்கு இவ்வளவு பெரிசு? கூழுக்குத்தான் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

அல்சூரில் குஸ்தி போடும் இரண்டு பயில்வான்களைக் கூட்டிவந்து கோயில் வாசலில் நிறுத்தினார். சாப்பாடு அவர் பொறுப்பு.

பாஞ்சாலி நேராகவே வந்து கேட்டாள். "இன்னாண்ணா, யாரு மேல படையெடுப்பு?"

"பந்தோபஸ்துமா. மொத கொடத்து மேல சில பேருக்குக் கண்ணு."

"பேக்டரி ஆளுங்களுக்குச் சாம்பார் ஊத்தவே எனக்கு நேரமில்ல. ஒங்க கொடம் எனக்கெதுக்கு?" என்றவள், பயில்வான்களை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு தடியனுங்க காவல் காக்கற அளவுக்கு அதுல இன்னாதான் இருக்குது?"

அதுவரை அவளுக்கு அந்த நினைப்பே இல்லை. அன்று முழுக்க இட்லி ஊற்றும்போதெல்லாம் அதே யோசனைதான்.

பயில்வான்களின் பசி வேறு ரகம். மூன்றாம் நாள் லட்சுமம்மா களித் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, இந்த யானைகளுக்கு இனி நீயே கிண்டிப் போடு என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. பயில்வான்கள் பாஞ்சாலி கடைக்கு நடந்தார்கள். அவள் காசு கேட்கவில்லை. விறகு பிளந்து, பாத்திரம் இறக்கிக் கொடுத்தால் போதும் என்றாள். வேளைக்கு முப்பது இட்லி.

கூழ் ஊற்றுவதற்கு முந்தின சாயங்காலம், பாஞ்சாலியும் கூழ் காய்ச்சுகிறாள் என்று சேதி வந்தது. பெருமாள்சாமி கோயிலுக்கு ஓடினார். பெரிய பயில்வான் ராஜேந்திரன் வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு அவ மொதல்ல வந்தா தடுப்பீங்களாடா?"

ராஜேந்திரன் மரியாதையாக எழுந்து நின்றான். "வேற யாரு வந்தாலும் தடுக்கறோம் பெரியவரே. அக்காவ மட்டும் எப்பிடி?"

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாஞ்சாலியின் கூழ் முதலில் போயிற்று. பெருமாள்சாமியின் குடம் இரண்டாவதாகப் போயிற்று.